ஆறாத நாற்காலி

அம்சவேணி வாங்கி வந்த பிரம்பு நாற்காலி ஆறவே இல்லை. ஐப்பசி மாதத்து மத்தியானம் ஒன்றில், பனிமூட்டம் எங்கள் தெருவுக்குள் நுழைந்து யார் வீட்டுக்குப் போவதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்த நேரத்தில், பழைய சாமான் கடையிலிருந்து அது வந்து இறங்கியது. இறக்கி வைத்ததும் அவள் கணவர் சிகாமணி இருக்கையில் கை வைத்துப் பார்த்து, "யாரு இதுல உட்கார்ந்துட்டு வந்தது?" என்று கேட்டார். யாரும் உட்காரவில்லை என்று வண்டிக்காரர் பெற்ற பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். சரி, ஆறட்டும் என்று விட்டார்கள். பஸ்ஸில் ஒருவர் எழுந்த இடத்தில் உடனே உட்காராமல், சீட்டை ஒரு தட்டு தட்டிவிட்டு, அவர் சூடு ஆறட்டுமென்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் நாங்கள். நாற்காலிக்கும் அதே மரியாதையைக் கொடுத்தோம். சாயங்காலம் ஆறவில்லை. மறுநாள் விடிந்து, தண்ணீர்க் குழாயே விறைத்துக் கிடந்த நேரத்திலும் ஆறவில்லை. யாரோ இப்போதுதான் எழுந்து தண்ணீர் குடிக்க உள்ளே போயிருக்கிறார்கள், இதோ வந்துவிடுவார்கள் என்பது போன்ற இதமான சூடு, அது பாட்டுக்கு இருந்தது.

குன்னூரில் கீழ் பஜாருக்கு மேலே, படிக்கட்டும் தெருவும் எது எதுவென்று பிரிக்க முடியாத இடத்தில் எங்கள் வீடுகள் இருக்கின்றன. சிகாமணி மின்கம்பம் ஏறி ஏறியே ஓய்வு பெற்றவர். அவருடைய முதல் மனைவி கோகிலம் நல்ல ஆகிருதியான பெண்பிள்ளை, அதைவிட ஆகிருதியான சிரிப்பு; அவள் செத்துப்போன பிறகு அந்த வீட்டில் பன்னும் டீயும் மட்டும்தான் சமையல் என்றாகி, மனிதர் கம்பம் போலவே ஆகிவிட்டார். பக்கத்து வீட்டுப் பியூலாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தன் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் கல்யாணத்துக்கு ப்ளவுஸ் தைக்கக் கொடுத்த இடத்தில், மேட்டுப்பாளையத்தில், அம்சவேணியைக் கண்டுபிடித்தாள்.

அம்சவேணிக்கு அப்போது நாற்பத்தேழு வயது. தம்பி வீட்டின் பின்கட்டில் தையல் மெஷின் முன்னால், முதுகு சாய்க்க வழியில்லாத முக்காலியில் உட்கார்ந்து, ஊரில் உள்ள பெண்களின் கல்யாண ப்ளவுஸையெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டு, தன் கல்யாணத்தை எல்லோரும் மறந்துபோக விட்டிருந்தவள். சாப்பிட உட்கார்ந்தால் கடைசிப் பந்தி, காரில் போனால் பின்சீட்டு நடு இடம், விருந்தாளி வந்தால் அவள் எழுந்துகொள்கிற இடம்தான் அவர்களுக்கு. யாரும் அவளை எழுந்திருக்கச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருந்ததே இல்லை, அதுதான் கொடுமை.

கல்யாணமாகி வந்தவளுக்கு எங்கள் தெரு ஆரத்தி எடுத்தது. ஆனால் வீடு முழுக்கக் கோகிலத்தின் சாமான். கோகிலத்தின் பீரோ, கோகிலத்தின் கட்டில், கோகிலம் ஒரு கோணத்தில் ஆணி அடித்து மாட்டிய காலண்டர். உப்பு ஜாடியை எடுப்பதற்குக்கூட அம்சவேணி யாரிடமோ அனுமதி கேட்பது போல ஒரு நொடி நிற்பாள். சிகாமணி கவனித்துவிட்டார், உயரத்திலிருந்து ஊரைப் பார்த்துப் பழகிய மனிதருக்கு இதுகூடவா தெரியாது.

"உனக்குன்னு ஒரு சாமான் வாங்கிக்க அம்சா. உனக்குப் பிடிச்சது. நான் வாயே தொறக்க மாட்டேன்," என்றார்.

முதலில் புதுச்சாமான் கடைக்குத்தான் போனார்கள். அங்கே இருந்த நாற்காலிகளெல்லாம் பளபளவென்று, பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் நின்றன. அம்சவேணி வெளியே வந்து, "வேண்டாமுங்க. அந்த வூட்டுக்குள்ள புதுசா நான் ஒருத்தி இருக்கறது போதுமுங்க. ரொம்ப நாளா அங்கயே கெடந்த மாதிரி ஏதாச்சும் பாக்கலாமுங்க," என்றாள். சிகாமணிக்கு அது எங்கேயோ குத்தியது. நேரே லத்தீப் பாய் கடைக்குக் கூட்டிப் போனார்.

லத்தீப் பாய் கடை என்பது எஸ்டேட் பங்களாக்கள் காலியாகும்போது அவற்றின் வயிற்றிலிருப்பதெல்லாம் வந்து சேருகிற இடம். துரைமார் கால் நீட்டிப் படுக்கிற நீளக்கை சாய்வு நாற்காலி ஒன்றில் சிகாமணி சும்மா சாய்ந்து பார்த்து, அவரை எழுப்ப இரண்டு பேர் வரவேண்டியதாயிற்று. அம்சவேணி மெதுவாகச் சுற்றினாள். கண்ணாடி பதித்த அலமாரியைத் திறந்தாள், உள்ளேயிருந்து வேறொருத்தியின் பவுடர் வாசனை வந்தது, மூடினாள். மேஜை இழுப்பறை ஒன்றை இழுத்தாள், யாரோ கொண்டை ஊசியை விட்டுப் போயிருந்தார்கள், மூடினாள். கட்டில்கள் பக்கமே போகவில்லை. "யாரு படுத்துக் கண்ண மூடுனாங்களோ," என்று முணுமுணுத்ததற்கு, லத்தீப் பாய், "அதுக்கு நான் கேரண்டி தர முடியாதும்மா," என்று உண்மையை ஒத்துக்கொண்டார்.

கடைசியில், மூலையில், ஈட்டி மரத்தில் கை வைத்து, பிரம்பு பின்னிய அந்த நாற்காலி. அம்சவேணி அதைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். பாய் திகைத்ததற்கு, "ப்ளவுஸுன்னா உள்பக்கத் தையலத்தானுங்க பாக்கோணும்," என்றாள். மூட்டுகளில் ஆணி அடித்திருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை, மரமே மரத்தைக் கவ்வியிருந்தது. கால்களின் அடியில் செல் அரித்த தூள் உதிர்கிறதா என்று தட்டிப் பார்த்தாள். பிறகு பிரம்பின் நட்டநடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

"கொஞ்சங்கூடத் தொய்யலீங்களே. யாருங்க இதுல உட்கார்ந்திருந்தாங்க?"

"உட்கார்ந்தாத்தானேம்மா தொய்யும்? விருந்தாளி ரூம்ல கெடந்தது. அந்தத் தொரை பொல்லாத ஆளு, ஒரு விருந்தாளியும் எட்டிப் பாக்கலை. சும்மாவே கெழடாயிருச்சு, பாவம்."

அம்சவேணி அதற்குப் பிறகு வேறெதையும் பார்க்கவில்லை. இரண்டு ஆண்கள் முன்னால் உட்கார்ந்து பார்க்கக் கூச்சப்பட்டு, கையால் மட்டும் தடவிக் கொடுத்தாள். வீட்டுக்குப் போய், குளித்து, டீ போட்டு, ஜன்னலோரம் அதைப் போட்டு, முதுகு நன்றாகச் சாயும்படி உட்கார வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள். நாற்காலி வந்து இறங்கியபோது அது சூடாக இருந்தது. ஆறட்டும் என்று காத்திருந்தாள்.

அவள் காத்திருந்த நாட்களில் நாங்கள் சும்மா இருக்கவில்லை. முதலில் பியூலா வந்தாள். நாற்காலியில் கை வைத்தாள், திரும்பிப் போனாள், தோசைமாவுப் பானையோடு வந்தாள். குன்னூர்க் குளிரில் மாவு புளிப்பதென்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கீழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கம்பளி போர்த்துவோம், அடுப்போரம் வைப்போம், கெஞ்சுவோம், அப்படியும் காலையில் அரைத்தபடியே கிடக்கும். மறுநாள் பியூலாவின் மாவு பானை மூடியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தது. அந்தத் தோசையின் வாசனை படிக்கட்டு முழுக்க இறங்கிப் போயிற்று. பிறகென்ன, வரிசை வரிசையாகப் பானைகள் வந்தன. பானைகள் போன பிறகு தயிர் உறைய வந்தது, தயிர் போன பிறகு ஈரம் காயாத பள்ளிக்கூடச் சாக்ஸ்கள் வந்தன, நடுநடுவே இடம் கிடைத்தால் பூனை வந்தது. தபால்காரர் கடிதத்தை நீட்டுமுன் விரல்களைச் சூடாக்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஹார்மோனியம் வாசிக்கிற தங்கையா, ஆராதனைக்குப் போகும் வழியில் இரண்டு கையையும் நாற்காலியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டுப் போவார். அந்த மாதம் பாட்டுகள் ஒரு பிசிறில்லாமல் வந்ததாகப் பாதிரியாரே சொன்னார். இந்தச் சூடு எங்கிருந்து வருகிறதென்று யாரும் கேட்கவில்லை. குளிர் எங்கிருந்து வருகிறதென்று கேட்டோமா என்ன?

ஆனால் ஒருவரும் அதில் உட்காரவில்லை. யாரோ எழுந்து போன இடம் அது. போனவர் திரும்பி வந்து, "கொஞ்சம் எந்திரிங்க," என்றால் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது?

அந்த யாரோ யார் என்பதையும் பியூலாதான் சொன்னாள். மாவுப் பானையைத் தூக்கும்போது ஒருநாள் அப்படியே நின்று, கண் கலங்கி, "கோகிலம் அக்காதான்," என்றாள். சொன்னதும் எங்களுக்கும் அது சரியென்று பட்டுவிட்டது. கோகிலத்துக்குத்தானே எப்போதும் அந்த ஜன்னலோரம் பிடிக்கும், கோகிலம்தானே குளிருக்கு நடுங்குகிறவர்களை இழுத்து உள்ளே உட்கார வைப்பாள். எங்களுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அவள் வந்துவிட்டாள் என்பதில் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். பானை வைக்க வருகிறவர்கள் நாற்காலியிடம் பேச ஆரம்பித்தோம். உன் ரோஜாச்செடி பூத்திருக்கு கோகிலம், என்றோம். பியூலா புருஷன் எட்வின் குடியைக் குறைச்சுட்டான், என்றோம். சிகாமணிகூடக் காலையில் ஒரு நிமிஷம் அதன் பக்கத்தில் நின்றுவிட்டுத்தான் பல் விளக்கப் போனார்.

அம்சவேணி வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டாள். நாற்காலிக்குப் பக்கத்திலும் ஒரு டம்ளர் வைத்தாள், அதில் குறை வைக்கவில்லை. ஆனால் அவளுக்கு வலித்தது. வாழ்நாளில் தனக்கென்று தேடி எடுத்த ஒரே ஒரு சாமான், அதிலும் தனக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்தாயிற்று. செத்துப்போன ஒருத்தி மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. பழைய முக்காலி ஒன்றைச் சமையலறையில் போட்டு, அதில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள்.

மார்கழி பிறந்து குளிர் எலும்புக்குள் போன ஒரு காலையில், சிகாமணி பீரோவைத் திறந்து, கோகிலத்தின் அரக்குச் சால்வையை எடுத்துவந்து நாற்காலி இருக்கையில் விரித்தார். கெட்ட எண்ணமே கிடையாது. குளிருமே என்று நினைத்தார், அவ்வளவுதான்.

பஸ் வந்து நிற்கும்போது ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஊரில் பிறந்தவளுக்கு, ஒரு இருக்கையின் மேல் விரித்த துணிக்கு என்ன அர்த்தமென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனை பஸ்ஸில் ஏறி, ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே போய், ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்திலிருந்து "ஆள் வருது, ஆள் வருது" என்று கேட்டுக்கொண்டே கடைசிவரை நின்று பயணம் செய்தவள் அவள். அம்சவேணி சால்வையைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருந்தது; ஊசி எடுத்து வந்து அதைத் தைத்துவிட்டு, இரண்டு புடவையை மடித்துப் பையில் வைத்தாள்.

"தம்பியப் பாத்துட்டு வாரேனுங்க."

"எப்ப வருவே?"

"பாக்கலாமுங்க," என்றாள். சண்டை போட்டிருந்தால் சிகாமணிக்குப் புரிந்திருக்கும். அவர் பஸ் ஏற்றிவிட்டுக் கையாட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் மாவு பொங்கவில்லை. பியூலா பானையைத் திறந்தாள். அரைத்து வைத்தபடியே, சுண்ணாம்புப் பால் மாதிரி கிடந்தது. தயிர் பாலாகவே இருந்தது. பூனை நாற்காலியில் ஏறி, உடனே குதித்து இறங்கி, எல்லோரையும் முறைத்துவிட்டுப் போயிற்று. தகவல் தெரிந்து நாங்கள் போனபோது சிகாமணி சால்வையை அகற்றிவிட்டு இருக்கையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். குழாய்த் தண்ணீர் மாதிரி சில்லென்றிருந்தது.

"பியூலா, அவ போயிட்டா," என்று அழுதார். நாங்களும் அழுதோம். கோகிலத்துக்கு இரண்டாம் தடவையாக அழுகிறோம் என்றுதான் நினைத்தோம். அழுதுகொண்டே இருந்த சிகாமணி, தான் இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருப்பது நாற்காலியை அல்ல, அடுப்படியில் காலியாகக் கிடக்கிற முக்காலியை என்பதைக் கவனித்தார். அழுகை நின்றுவிட்டது. என்ன தோன்றியதோ, நாற்காலியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். லத்தீப் பாய் கடையில் அவள் செய்தது போலவே, பிரம்பின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"தொய்யவே இல்லை," என்றார். "கோகிலம் இதுல உட்கார்ந்திருந்தா தொய்ஞ்சிருக்கணுமே."

"ஆவிக்கு ஏதுண்ணே கனம்?" என்றாள் பியூலா.

"மத்த ஆவிக்கு எப்படியோ. கோகிலத்துக்கு இருக்கும்."

அதை யாராலும் மறுக்க முடியவில்லை. பியூலாவுக்கு அந்த அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுல ஒருத்தருமே உட்கார்ந்ததில்லை பியூலா. எந்திரிச்சுப் போனவ சூடுன்னு நெனச்சுட்டோம். இது உட்கார வேண்டியவளோட சூடு. அவ எடுத்துட்டு வந்தா, கூடவே வந்துச்சு. அவ போனா, கூடவே போயிருச்சு. நான் மடையன், அதுமேல சால்வையப் போட்டு அவள எந்திரிக்கச் சொல்லிட்டேன்."

பியூலாவின் வீட்டுக்காரர் எட்வின் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி ஏற்றிப் போகிற வண்டி வைத்திருக்கிறார். அன்றைக்குக் கேரட் மூட்டைகளின் மேல் நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டி, சால்வையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, சிகாமணி பின்னாலேயே ஏறிக்கொண்டார். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கை கயிற்றிலும் ஒரு கை இருக்கையிலுமாகப் போனார். காட்டேரிப் பூங்கா தாண்டும்வரை சில்லென்றே இருந்தது. பர்லியாறு வந்தபோது கூவினார்.

"எட்வின்! சூடாகுதுடா!"

எட்வின் வண்டியை ஓரம் கட்டி இறங்கி வந்து பார்த்தார். "கீழ எறங்க எறங்க எல்லாமே சூடாகும்ணே. கேரட்டும்தான் சூடா இருக்கு, தொட்டுப் பாருங்க."

சிகாமணி கேரட்டைத் தொட்டார், நாற்காலியைத் தொட்டார், மறுபடியும் கேரட்டைத் தொட்டார். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தபோது வெயிலில் வண்டியின் இரும்பே கொதித்துக்கொண்டிருந்தது. அந்த ஊரில் எந்த நாற்காலிக்கும் யாருடைய சூடும் தேவையில்லை.

பின்கட்டில் அம்சவேணி மெஷின் முன்னால், முதுகு சாய்க்க வழியில்லாத அதே முக்காலியில் இருந்தாள். தம்பி, "வாங்க மாமா," என்று நாற்காலியை ஒரு பக்கம் பிடித்து இறக்கினான். அவள் எழுந்துகொண்டாள், யார் வந்தாலும் எழுந்துகொள்கிற பழக்கம்.

"இத எதுக்குங்க இங்க தூக்கியாந்தீங்க? அது அவங்க எடமுங்களே."

வரும் வழியெல்லாம் சிகாமணி என்னென்னவோ பேசத் தயார் செய்துவைத்திருந்தார். வந்தது இவ்வளவுதான். "நீ போனதும் ஆறிப்போச்சு அம்சா," என்றார். "மாவு பொங்கலை. வீடே ஆறிப்போச்சு."

அவள் இருக்கையில் கை வைத்துப் பார்த்தாள். "இந்த வெயில்ல என்னன்னுங்க தெரியும்?"

"கையால பாத்தா தெரியாது. உட்காரு."

தம்பி பார்த்துக்கொண்டிருந்தான், தம்பி மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள், எட்வின் கேரட்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்சவேணி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். முதலில் நுனியில், யாராவது வந்தால் எழுந்துகொள்ள வசதியாக உட்கார்ந்தாள். பிறகு கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். பிறகு, பிறந்ததிலிருந்து ஒத்திவைத்த ஒரு காரியத்தைச் செய்கிறவள் போல, முதுகைச் சாய்த்தாள். பிரம்பு ஒரு முறை முனகி, அவள் கனத்துக்கு ஏற்றபடி கொஞ்சமாகத் தொய்ந்துகொடுத்தது.

"சூடா இருக்கா?" என்றார் சிகாமணி.

"இல்லீங்க."

"சில்லுனு இருக்கா?"

"இல்லீங்க," என்றாள். "ஒண்ணுமே தெரியலீங்க."

தன் இடத்தில் தானே உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. அது எங்களுக்கெல்லாம் சிறுவயதிலிருந்தே பழக்கமான விஷயம். அவளுக்கு அது முதல் தடவை. நாற்காலிக் கைகள் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டு, சாய்ந்தபடியே, எழுந்துகொள்ளாமலே, அம்சவேணி வெகுநேரம் அழுதாள். தம்பி மனைவி கொண்டுவந்த காபியைக்கூட உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டாள்.

மலையேறும்போது வண்டி காலி. பின்னால் நாற்காலியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டி, அதில் அவள் உட்கார்ந்து வந்தாள். சிகாமணி பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தார். எதிரே வந்த பஸ்களில் இருந்தவர்களெல்லாம் தலையை நீட்டிப் பார்த்தார்கள். அவள் நன்றாகச் சாய்ந்துகொண்டு அவர்களைப் பார்த்தாள். பர்லியாறு தாண்டிக் குளிர் ஏறியது.

"ஏனுங்க, கோகிலம் அக்கா சால்வை கொண்டாந்தீங்களா?"

சிகாமணி தயங்கி அக்குளிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அதை உதறித் தோளோடு போர்த்திக்கொண்டாள். "நல்ல கனமான சால்வைங்க," என்றாள். "நல்லாப் பாத்துப் பாத்துத்தான் வாங்கியிருக்காங்க."

நாங்கள் மாவுப் பானைகளோடு படிக்கட்டில் காத்திருந்தோம். நாற்காலி ஜன்னலோரம் பழைய இடத்துக்குப் போயிற்று. அம்சவேணி சால்வையோடு அதில் உட்கார்ந்தாள், எங்கள் ஒவ்வொருவரையும் நலம் விசாரித்தாள், பூனை அவள் மடியில் ஏறிப் படுத்தது. கொஞ்சநேரம் கழித்து, "இருங்க, எல்லாருக்கும் டீ போட்டுட்டு வாரேன்," என்று பூனையை இறக்கிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

பியூலா பார்த்தாள், இடம் காலி. பானையைத் தூக்கிக்கொண்டு ஆசையாக முன்னால் வந்தாள். சிகாமணி அவசரமாகத் தன் தோளிலிருந்த துண்டை உருவி நாற்காலி மேல் போட்டார்.

"அங்க வைக்காத பியூலா," என்றார். "ஆள் வருது."